சாவியை யார் கொடுத்தது?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் என் தங்கை குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்திருக்கிறது. மாப்பிள்ளையின் கார் சாவி எப்போதும் அந்த ஆணியில்தான் தொங்கும். சாவி வளையத்தில், பழனிக்குப் போனபோது வாங்கிய ஒரு சின்னப் பித்தளை வேலும் இருக்கும். ஒரு சனிக்கிழமை இரவு, மாப்பிள்ளையின் தாயாருக்கு எழுபது வயது நிறைந்த விருந்து முடிந்து, உறவினர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த என் தங்கை அந்த ஆணி வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள். அப்போது மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது. அவள் கணவரை எழுப்புவதற்கு முன்பே மகன் மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறி ஓடி வந்துவிட்டான். சாவி அவன் கையில் இருந்தது. கார் கீழே, சாலை முனையில், நிறுத்தியிருந்த ஒரு வேனின் பக்கவாட்டில் மோதி நின்றது.

அவனுக்கு அப்போது பதினேழு வயது நான்கு மாதம். விருந்தில் இருபத்திரண்டு வயதுப் பெரியப்பா மகன் ஒருவன் அவனுக்கு முதலில் பீரும், பிறகு விஸ்கியும் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். பெரியவர்கள் வரவேற்பறையில் இருந்தார்கள். பையன்கள் அறைக்குள் இருந்தார்கள். கடைசி ரயிலைத் தவறவிட்ட நண்பனைச் செம்பவாங்கில் கொண்டுபோய் விடுவதற்காகச் சாவியை எடுத்திருக்கிறான். நண்பனைப் பத்திரமாக இறக்கிவிட்டுத் திரும்பியவன், வீட்டுக்கு இருநூறு மீட்டர் தொலைவில் வளைவைத் தவறவிட்டான். வேனில் அந்த நேரத்தில் யாரும் இல்லை. நடைபாதையிலும் யாரும் இல்லை. இதை எழுதும் இப்போதும் அந்த இரண்டு வாக்கியங்களை நான் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

தங்கை தொலைபேசியில் அழைத்தாள். நான் இரண்டு புளோக் தள்ளிக் குடியிருக்கிறேன். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக எழுத்தராக வேலை செய்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் குற்றச்சாட்டுப் படிவங்களைத் தட்டச்சு செய்தும், குடும்பங்களை நீதிமன்ற வாசலில் உட்காரவைத்துப் பேசியும் பழகியவன் என்பதால், உறவுக்குள் இப்படி ஏதாவது நேர்ந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போனபோது மாப்பிள்ளை சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். கீழே இறங்கப் போகிறார் என்பது தெரிந்தது.

"நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடுறேன் மச்சான். அவனுக்கு இன்னும் பதினெட்டே ஆகல. படிப்பு இருக்கு, தேசிய சேவை இருக்கு. எனக்கு என்ன, அபராதம்தானே."

தேசிய சேவை என்பது இங்கே ஆண்பிள்ளைகள் கட்டாயம் செய்ய வேண்டிய சீருடைப் பணி. தங்கை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால், அவளும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது. பையன் குளியலறை வாசலில், புதினா மிட்டாயை மென்றபடி நின்றான். காவல்துறை வர நாற்பது நிமிடம் ஆயிற்று. மோதிய சத்தம் கேட்டு எதிர்ப் புளோக்கிலிருந்து யாரோ அழைத்திருந்தார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் அந்தச் சமையலறை மேசையில் நான் சொன்னவற்றையும், பின்னர் வந்த மாதங்களில் நாங்கள் கற்றவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன். பதின்ம வயதுப் பிள்ளை குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் "உரிமம் போகும், அபராதம் வரும்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறோம். சட்டம் அதை ஒரே தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஓர் இரவை அது ஐந்தாறு துண்டுகளாகப் பிரிக்கிறது. அவற்றில் ஒன்றிரண்டு துண்டுகள் பிள்ளையைத் தாண்டிப் பெற்றவர்களின் மடியிலும் வந்து விழுகின்றன.

மாப்பிள்ளையிடம் நான் முதலில் கேட்டது, "நீங்க இன்னைக்கு எவ்வளவு குடிச்சீங்க?" என்பதுதான். இரண்டு கிளாஸ் என்றார். அவர் ஒரு நிறுவனத்தில் லாரி ஓட்டுநர். "நான்தான் ஓட்டினேன்" என்று அவர் சொன்ன அடுத்த நிமிடமே அதிகாரி ஊதும் கருவியை அவர் வாயருகே நீட்டுவார். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி 100 மில்லி லிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் மதுவே எல்லை. இரத்தத்தில் என்றால் 100 மில்லி லிட்டருக்கு 80 மில்லிகிராம். அதைத் தாண்டினால் முதல் முறை பிடிபடுபவருக்கு 2,000 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு குறைந்தது 2 ஆண்டுகளுக்கு எந்த வகை வாகனத்தையும் ஓட்ட முடியாதபடி தகுதியிழப்பு. கார் ஓட்டியதற்கான தடை லாரிக்கும் சேர்த்துத்தான். அவர் கொடுக்க நினைத்தது அபராதத்தை மட்டும். உண்மையில் அவர் கையைவிட்டுப் போயிருக்கக்கூடியது குடும்பத்தின் பிழைப்பு.

அதைவிடப் பெரிய கேடு, அந்தப் பொய்யே தனியொரு குற்றம் என்பது. அரசாங்க ஊழியருக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பதற்குத் தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவின்கீழ் 2 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். நீதியின் போக்கைத் தடுப்பதாகக் கருதி 204ஏ பிரிவின்கீழ் கொண்டுவந்தால், உச்ச வரம்பு 7 ஆண்டு. தகப்பன் பிள்ளைக்காகச் சொன்ன பொய் என்பதால் பிரிவு மாறிவிடாது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த வழக்குகளில், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் ஒரு வாகனத்தின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னக் கேமராதான். அன்று மோதப்பட்ட வேனிலும் அப்படி ஒன்று இருந்ததை மறுநாள்தான் அறிந்தோம்.

மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைப் போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். பையன்தான் பேசினான். "நான் கீழே போறேன் மாமா." மூன்று பேரும் அவனோடு இறங்கினோம். அதிகாரிகள் வந்தபோது அவன் காருக்கு அருகில் நின்று, தான் ஓட்டியதாகச் சொன்னான். அங்கேயே ஊதச் சொன்னார்கள், தேறவில்லை. கைது செய்து அழைத்துப் போனார்கள். நிலையத்தில் உள்ள பெரிய கருவியில் பதிவான அளவு 58. ஊத மறுத்திருந்தால் தப்பியிருக்கலாமே என்று பின்னர் ஓர் உறவினர் சொன்னார். தக்க காரணம் இல்லாமல் மறுப்பதும் குற்றமே. அதற்கும் குடித்து ஓட்டியதற்கு உரிய தண்டனையே கிடைக்கும்.

இனி, அந்த இரவு எப்படித் துண்டுகளாயிற்று என்பதைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் பதினெட்டு வயது நிறையாத எவரும் சாலையில் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது. கார் பழகும் தற்காலிக உரிமம்கூட அந்த வயதில்தான் கிடைக்கும். ஆகவே அவன் உரிமமின்றி ஓட்டியவன். இந்தக் குற்றத்தைச் சின்ன விதிமீறல் என்று நினைப்பவர்கள் பலர். இதற்கு முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சிறைக்கால வரம்பை வைத்துப் பார்த்தால், குடித்து ஓட்டியதைவிட இதுவே கடுமையானது. ஜொகூரில் உள்ள அவனுடைய அத்தை மகன் பதினேழு வயதிலேயே கார் உரிமம் வாங்கிவிட்டான்; மலேசியாவில் அந்த வயதில் வாங்கலாம். "அவன் ஓட்டுறான், நான் ஓட்டினா என்னன்னு நினைச்சேன்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னான். அந்த அத்தை மகனே கடற்பாலத்தைத் தாண்டி இங்கே வந்தால், பதினெட்டு வயது வரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார முடியாது.

உரிமம் இல்லாதவன் ஓட்டினால் காப்புறுதி செல்லாது. காப்புறுதியின்றி ஓட்டியது அடுத்த குற்றச்சாட்டு: 1,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, கூடவே ஒரு தகுதியிழப்பு. கவனமின்றி ஓட்டியது இன்னொன்று. மோதிய பிறகு அங்கே நிற்காமல் வீட்டுக்கு ஓடி வந்தது மற்றொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, குடித்துவிட்டு ஓட்டியது.

குடித்து ஓட்டிய குற்றத்தில் வயதுக்கென்று தனி எல்லை இங்கே கிடையாது. இணையத்தில் தேடிய என் தங்கைக்கு முதலில் கிடைத்தவை எல்லாம் அமெரிக்கப் பக்கங்கள். அங்கே குடிக்கும் வயது 21 என்பதால், அதற்குக் கீழுள்ளவர்கள் ஓட்டினால் இரத்தத்தில் மிகச் சிறிய அளவு இருந்தாலே குற்றம். அதைப் படித்துவிட்டு அவள் ஓர் இரவு முழுவதும் குழம்பினாள். இங்கே எல்லாருக்கும் அதே 35தான். ஆனால் எல்லைக்குக் கீழே இருந்தாலும், வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டினால் அதுவும் அதே பிரிவில்தான் வரும். எவருக்கும் எதற்கும் சேதம் நேராத வழக்குகளுக்கு உயர் நீதிமன்றம் 2021இல் ஓர் அளவுகோல் வகுத்தது. 54 மைக்ரோகிராம் வரை ஒரு படி, 55 முதல் 69 வரை அடுத்த படி, 70 முதல் 89 வரை மூன்றாவது, 90ஐத் தொட்டால் நான்காவது. அவனுடைய 58 இரண்டாம் படியில் விழுகிறது: அபராதம் 4,000 முதல் 6,000 வெள்ளி, தகுதியிழப்பு 30 முதல் 36 மாதம். அதுவும் பெரியவர் ஒருவர், ஒன்றிலும் மோதாமல் பிடிபட்டிருந்தால். நொறுங்கிய வேன் ஒன்று இருக்கும்போது கணக்கு அங்கிருந்து மேலேதான் போகும்.

விசாரணை அதிகாரி மாப்பிள்ளையை அழைத்துக் கேட்ட கேள்விகளில் ஒன்றை அவர் இன்றும் மறக்கவில்லை. "சாவியை யார் கொடுத்தது?" கேட்பதற்கு எளிதான கேள்வி. பதில் எந்தப் பக்கம் போனாலும் ஒருவருக்கு வெட்டு விழும். தானே கொடுத்ததாகச் சொன்னால், உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதித்தவர் ஆகிறார். அனுமதித்தவருக்கும் ஓட்டியவருக்கும் சட்டம் வைத்திருக்கும் தண்டனை ஒன்றே, அதே 10,000 வெள்ளி, அதே 3 ஆண்டு. கொடுக்கவில்லை, கேட்காமல் எடுத்துப்போனான் என்று சொன்னால், உரிமையாளரின் சம்மதமின்றி வாகனத்தை எடுத்துச் சென்ற குற்றம் பையன்மேல் ஏறும். உண்மையோ இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அன்று அவர் கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளில், பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். அப்பாக்கள் அன்பில் செய்வதுதான் அது. மகன் வளர்கிறான் என்ற பெருமையும் அதில் உண்டு. அந்தப் பெருமையை விசாரணை அறையில் ஓர் அந்நியரிடம் வாக்குமூலமாகச் சொல்ல நேர்ந்ததுதான் அவரை மிகவும் உடைத்தது. இருந்ததை இருந்தபடி சொன்னார். அவருக்குக் கடுமையான எச்சரிக்கையோடு முடிந்தது. பையன்மேல் ஒரு குற்றச்சாட்டு கூடியது.

மது கொடுத்த பெரியப்பா மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைக் கேட்டுப் பலர் கோபப்படுகிறார்கள். எனக்கும் மனத்தாங்கல் உண்டு. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015இல் மதுபான விற்பனைக்கும் அருந்துதலுக்கும் புதிய சட்டம் வந்தது. பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை குடிக்கக்கூடாது, உரிமம் பெற்ற இடங்களில் பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு விற்கக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அவற்றின் கண் கடைமேலும், மதுக்கூடத்தின்மேலும், புளோக்கின் கீழ்த்தளத்தின்மேலும் இருக்கிறது. வீட்டு அறைக்குள், குடும்ப விருந்தில், ஓர் அண்ணன் தம்பிக்கு ஊற்றிக் கொடுப்பதைப் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தான். நாங்கள் வரவேற்பறையில் பழைய புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வழக்கு இளையர் நீதிமன்றத்துக்குப் போகும் என்று தங்கை நம்பியிருந்தாள். குற்ற வழக்குகளில் அது பதினாறு வயது நிறையாதவர்களுக்கு உரியது. பதினேழு வயதுக்காரன், பெரியவர்கள் நிற்கும் அதே அரசு நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும். அங்கே நின்றான். பள்ளிக்குப் போடும் கறுப்புக் காலணி, அப்பாவின் வெள்ளைச் சட்டை, தோள்பட்டையைத் தாண்டி இறங்கும் தையல். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் வாசிக்கும்போது புரிகிறதா என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். வாய்விட்டுச் சொல்லும்படி கேட்ட பிறகுதான் குரல் வந்தது.

குறைந்தபட்சத் தண்டனை வகுக்கப்பட்ட குற்றத்துக்குப் பொதுவாக நன்னடத்தைக் கண்காணிப்பு, அதாவது சிறைக்குப் பதிலாக ஓர் அதிகாரியின் மேற்பார்வையில் வெளியே இருப்பது, கிடைக்காது. பதினாறு வயது நிறைந்து இருபத்தொன்று நிறையாதவருக்கு, அதே வகைக் குற்றத்துக்கு முன்பு தண்டனை பெற்றிராவிட்டால், அந்தக் கதவைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. திறந்திருக்கிறது என்பதால் உள்ளே விடுவார்கள் என்று உறுதி இல்லை. நீதிபதி இரண்டு அறிக்கைகள் கேட்டார்: ஒன்று நன்னடத்தைக் கண்காணிப்புக்கு அவன் ஏற்றவனா என்பது; மற்றொன்று சீர்திருத்தப் பயிற்சிக்கு. இரண்டாவதன் பெயரில் பயிற்சி என்று இருந்தாலும், பூட்டிய நிலையத்துக்குள் குறைந்தது 6 அல்லது 12 மாதம் இருந்தாக வேண்டும். வெளியே வந்த பிறகான கண்காணிப்பையும் சேர்த்து மொத்தம் 54 மாதம் வரை நீளலாம். அறிக்கைகள் வரும்வரை தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்தார், பள்ளியில் விசாரித்தார், மாப்பிள்ளையின் வேலை நேரத்தைக் குறித்துக்கொண்டார், அந்த வீட்டில் யார் குடிக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டார். அப்படியொரு கேள்வியை அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

முடிவில் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு கிடைத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வீட்டைவிட்டு வெளியேறக்கூடாது, 120 மணி நேரச் சமூக சேவை, அவன் நடத்தைக்குப் பெற்றோர் 5,000 வெள்ளிப் பிணை. எல்லா வகை வாகனங்களுக்கும் 3 ஆண்டுத் தகுதியிழப்பு. "இல்லாத உரிமத்தை எப்படிப் பறிக்கிறாங்க மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார். பறிப்பதோடு, பெறுவதையும் அந்த உத்தரவு தடுக்கிறது. பதினெட்டாவது பிறந்தநாள் முடிந்ததும் அவனுடைய நண்பர்கள் ஓட்டுநர் உரிமத்துக்கான அடிப்படைத் தேர்வுக்குப் பதிவு செய்தார்கள், அவனால் முடியவில்லை. தடை இருக்கும்போது ஓட்டிப் பிடிபட்டால் மீண்டும் 3 ஆண்டு வரை சிறை என்ற வரம்பு காத்திருக்கிறது. வண்டியும் பறிமுதல் ஆகலாம்.

வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தைவிட அந்தக் கதைதான் நீண்ட நாள் ஓடியது. வேனுக்குச் சொந்தக்காரர் ஒரு மலாய்க்காரர், அறுபதை ஒட்டிய வயது. விடியற்காலை பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய்க் காய்கறி ஏற்றிவந்து கடைகளுக்குப் போடுபவர். கட்டாயக் காப்புறுதி என்பது பிறருடைய உயிருக்கும் உடல் காயத்துக்கும் ஆனது. பொருட்சேதத்துக்கு அது பொறுப்பேற்காது. பொருட்சேதத்துக்கென எடுத்திருந்த கூடுதல் காப்பையும், ஓட்டியவனுக்கு உரிமம் இல்லை என்று காட்டி நிறுவனம் மறுத்துவிட்டது. யாருக்காவது காயம் பட்டிருந்தால் நிறுவனம் அவருக்குக் கொடுத்துவிட்டு, அதே தொகையை மாப்பிள்ளையிடம் திருப்பிக் கேட்டிருக்கும். உயிர் போயிருந்தால், ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்ததற்கு 8 ஆண்டு வரை சிறை என்ற பிரிவில் நின்றிருப்போம். குடித்திருந்ததற்கான தண்டனை அதற்கு மேல் சேர்ந்திருக்கும். அந்த நடைபாதையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் பூக்காரப் பெண்மணி ஒருவர் கூடையோடு நடப்பார். மோதியது அவர் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பு.

வேன் பழுது பார்க்கப்பட ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் வேன்காரர் வாடகை வண்டி எடுத்தார். பழுதுச் செலவு, வாடகை எல்லாம் சேர்த்து 6,840 வெள்ளி. மாப்பிள்ளையிடம் மொத்தமாக இல்லை. மாதம் 380 வெள்ளி, 18 மாதம் என்று பேசி முடித்தோம். வங்கியில் போட்டுவிடுங்கள் என்று அவர் கணக்கு எண்ணைக் கொடுத்தார். பையனே கொண்டுவந்து கொடுப்பான் என்றாள் என் தங்கை. அவள் சொன்னபடியே நடந்தது. பாதித் தொகை அவன் வார இறுதியில் ஒரு பேரங்காடியில் அட்டைப்பெட்டி அடுக்கிச் சம்பாதித்தது.

முதல் மாதம் நான் துணைக்குப் போனேன். அந்த மனிதர் உறையை வாங்கி, பிரித்து, எங்கள் முன்னாலேயே நோட்டுகளை எண்ணினார். ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் தேதியும் தொகையும் எழுதி, பையனைப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். அதற்குப் பிறகு அவன் தனியாகவே போனான். பதினான்காம் மாதம் தேசிய சேவைக்குச் சேர்ந்தான். விடுப்பில் வரும் சனிக்கிழமைகளில் கொடுத்தான். போன மாதம் கடைசி உறை. கொடுத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். அவர் அந்த நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டாராம். பதினெட்டு வரிகள், பதினெட்டுக் கையெழுத்துகள். முதல் ஐந்தாறு கையெழுத்துகள் படிக்க முடியாதபடி கிறுக்கலாக இருந்தன.

தடை முடியும் நாளை அவன் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறான். இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. அதற்குப் பிறகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாயா என்று கேட்டேன். "தெரியல மாமா" என்றான். தங்கை வீட்டு ஆணியில் இப்போது வீட்டுச் சாவிகள் மட்டும்தான் தொங்குகின்றன. கார் சாவியை மாப்பிள்ளை படுக்கையறை இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறார்.